இருபதடி நக்குத் தொட்டி

அத்தியாயம் 9

"தகரம்னா இதான்க்கா தகரம்!" என்று தீனா அந்தக் கண்டெய்னரின் உட்சுவரில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

டம். டம்.

அவ்வளவுதான். அதற்காகவே காத்திருந்த மாதிரி இரண்டு கதவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. வெளியே தாழ்க்கம்பி சுழன்று கொக்கியில் விழுந்தது. உள்ளே இருட்டு. கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று விரலால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இருட்டு.

"டேய்! டேய்! நான் உள்ள கீறேன்டா!"

கத்தியவர் வில்சன். அந்தக் கண்டெய்னர் யார்டின் ரிப்பேர் மேஸ்திரி. இரண்டு கைகளாலும் கதவைக் குத்தினார். வெளியே ஒரு எஞ்சின் உறுமிக்கொண்டு வந்து அவர் கத்தலை அப்படியே விழுங்கியது. அடுத்த நொடி தரை மேலே எழும்பியது. தீனாவின் வயிறு மட்டும் கீழேயே நின்றுவிட்டது. தடுமாறி எதன் மீதோ விழுந்தான். மூலையில் கிடந்த ஒரு சாக்குமூட்டை.

"இன்னாக்கா, மேல தூக்கறான்? நேரா மோட்சமா?"

"உக்காரு தீனா. நின்னா விழுவே" என்றாள் ஜானட். அவள் குரல் ஏற்கெனவே தரையிலிருந்து வந்தது. "பெட்டியை லாரியில் வைக்கிறாங்க. தொட்டி எங்கே?"

"மடில கீது. கைக்கொயந்த மாதிரி."

பெட்டி அசைந்து, இறங்கி, 'ணங்' என்று உட்கார்ந்தது. லாரி கிளம்பியது.

ராயபுரத்தில் ஐஸ் பேக்டரி மாடியில் 'ஜானட் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிய நாளிலிருந்து, அவள் உதவியாளன் தீனா பல இடங்களில் மாட்டியிருக்கிறான். வியாசர்பாடியில் பாக்சிங் பழகிய உடம்பு. மூலையில் மாட்டினால் எப்படித் திரும்பி அடிப்பது என்று அதற்குத் தெரியும். ஆனால் நாலு பக்கமும் மூலையாக இருக்கிற இடத்தில் யாரை அடிப்பது?

எல்லாம் அவன் மடியில் இருந்த அந்த நீலத் தொட்டியால் வந்தது.

எர்ணாவூரில் மாடு வைத்திருப்பவர்கள் அதை 'நக்குத் தொட்டி' என்பார்கள். கண்டுபிடித்தவன் அன்புமணி. பிளாஸ்டிக் பீப்பாயைப் பாதியாக அறுப்பான். மாட்டின் மூஞ்சி நுழைகிற அளவுக்குப் பக்கத்தில் வாய் வெட்டுவான். பழைய லாரி டியூபை மூடியாகத் தொங்கவிடுவான். உள்ளே கல்லுப்பு, எலும்புத் தூள், சுண்ணாம்புத் தூள், வாசனைக்கு வெல்லப் பாகு. மாடு மூக்கால் மூடியைத் தள்ளி, வேண்டியதை நக்கிவிட்டுப் போய்விடும். மூடி தானாக விழுந்துகொள்ளும். சிவப்புப் பட்டை அடித்திருந்தால் அது அன்புமணி தொட்டி. பால் கறக்கிறவர்கள் மத்தியில் அந்தப் பட்டைக்கு அவ்வளவு மரியாதை.

போன வாரம் அடித்த மழைக்கு மறுநாள் காலை, சிவப்புப் பட்டைத் தொட்டிகளின் காலடியில் மாடுகள் வயிறு உப்பிச் செத்துக் கிடந்தன. கெமிக்கல் பீப்பாயைக் கழுவாமல் அறுத்துவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. கூட்டம் கூடி, கண்ணில் பட்ட தொட்டியையெல்லாம் உடைத்தது. போலீஸ் அன்புமணியை அள்ளிக்கொண்டு போனது. இன்று மதியம் திருவொற்றியூர் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். அங்கிருந்து உள்ளே போனால், வெளியே வருவது எப்போது என்று வக்கீலே சொல்லவில்லை.

அவனுடைய அக்கா பட்டம்மாள், உடைபடாமல் ஒளித்து வைத்த ஒரே ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஜானட்டிடம் வந்தாள். "இந்தத் தொட்டியாண்டதாம்மா பக்கத்து வூட்டு மாடு செத்துச்சி. ஆனா இது என் தம்பி கைவேல இல்ல. அவன் கைவேலய நான் கண்ண மூடிகினு சொல்வேன்."

ஜானட் மூடியைத் தடவிப் பார்த்தாள். அது லாரி டியூப் இல்லை. கண்டெய்னர் கதவில் தண்ணீர் புகாமல் இருக்க வைக்கிற பட்டை ரப்பரை வரிசையாக வைத்துத் தைத்தது. ஹார்பரில் வேலை பார்த்த அப்பாவின் மகளுக்கு அது தெரியாமல் போகுமா? உடனே எண்ணூர்ப் பக்கத்து யார்டுகளாக ஏறி இறங்கினார்கள். கடைசி யார்டில்தான் வில்சன் ஓடிவந்தார். "இதே மாரி தொட்டி அந்தக் கடேசிப் பொட்டில கீதுன்னு பசங்க சொன்னாங்க சிஸ்டர். நான் அந்தப் பொட்டியத் தொறந்ததே இல்ல. வாங்க, பாக்கலாம்" என்றார்.

பார்க்கத்தான் வந்தார்கள். வாசலிலேயே நின்றுகொள்ளப் பார்த்த வில்சனை, "இன்னாண்ணே, மாமியார் வூட்டுக்கு வந்த மாரி வெக்கப்படற, வா உள்ள" என்று தோளில் கைபோட்டு இழுத்து வந்தவன் தீனாதான்.

லாரி நின்றது. எஞ்சின் அணைந்தது.

"ஊர் வந்துடுச்சா?" என்றான் தீனா.

"வரிச" என்றார் வில்சன்.  "ஹார்பர் கேட்டு வரிக்கும் லாரி நிக்கும் தம்பி. கொஞ்சம் போவும், நிக்கும், கொஞ்சம் போவும், நிக்கும்."

"கேட்டுக்குள் போனால்?"

"பொட்டி மேல பொட்டி அடுக்கிடுவான் சிஸ்டர். அப்பால கத்தினாலும் கேக்காது, தட்டினாலும் கேக்காது. இது காலிப் பொட்டி. எவனும் தொறந்து பாக்க மாட்டான். கப்பல் வந்தா ஏத்திடுவான்."

"எந்த ஊருக்கு?"

"கொலம்போ."

"கர்த்தரே!" என்றான் தீனா. "நான் இன்னும் மகாபலிபுரமே பாக்கலியே!"

சிரிக்க யாருமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மழை விட்ட மறுவாரத்து வெயில். கூரைத் தகரம் அதை வாங்கிக் கீழே இறக்கியது. மூச்சு விட்டால் விட்ட மூச்சே திரும்பி வந்து முகத்தில் அடித்தது. தீனா இடுப்பிலிருந்த பேஜரை எடுத்து அமுக்கினான். பச்சையாக ஒரு சின்ன வெளிச்சம் எரிந்து அணைந்தது. செய்தி எதுவும் இல்லை.

"இதுக்குப் பேஜர்னு பேர் வெச்சவன் நம்ம ஊர்க்காரனாத்தான்க்கா இருப்பான். ஊர்ல கீறவன்லாம் நம்பளத் திட்டலாம், நாம திருப்பித் திட்ட முடியாது. சரியான பேஜாரு."

"தீப்பெட்டி கொளுத்தட்டுமா சிஸ்டர்?" என்றார் வில்சன்.

"வேண்டாம். இருக்கிற காத்து நமக்கே பத்தாது. எல்லாரும் கண்ணை மூடி, கொஞ்சம் பொறுத்து, மெதுவாத் திறங்க. எங்கேயாவது பொட்டு வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. ஹார்பரில் பெட்டியைச் சோதிக்கிறதே இப்படித்தான். உள்ளே நின்னு கதவைச் சாத்தினா ஓட்டை இருக்கிற இடம் நட்சத்திரம் மாதிரி தெரியும்."

தீனா திறந்து பார்த்தான். ஒரு நட்சத்திரமும் இல்லை.

"தெரியாது சிஸ்டர்" என்றார் வில்சன். அந்த நிலைமையிலும் அவர் குரலில் ஒரு பெருமிதம் எட்டிப் பார்த்தது. "நம்ம யார்டுப் பொட்டில ஊசி ஓட்ட கூட இருக்காது. ஓட்டன்னு ஒண்ணப் பாத்தா எனக்குச் சோறு எறங்காது."

"காத்துக்காக மேலே சின்னதா துளை வெச்சிருப்பாங்களே?"

வில்சன் தலையைச் சொறியும் சத்தம் கேட்டது.

"அத்தையும் அடச்சிட்டேன் சிஸ்டர். மழ உள்ள வருதுன்னு."

"அடப்பாவி!" என்றான் தீனா. "கல்லறைல கூட எறும்பு போவ வழி வுடுவானே! ஒன்னும் உடாம அடச்சி வெச்சிக்கிறயே!"

லாரி உறுமி, ஒரு வண்டி நீளம் நகர்ந்து, நின்றது. ஒவ்வொரு தடவை நகரும்போதும் கேட் பக்கத்தில் வருகிறது. தொட்டியோடு அவர்கள் போய்ச் சேர வேண்டிய கோர்ட் எங்கோ பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தது.

ஜானட் சுவரோரமாகத் தவழ்ந்து போகும் சத்தம் கேட்டது. விரல் நகங்கள் தகரத்தில் உரசின. தரையும் சுவரும் சேரும் ஒரு இடத்தில் உரசல் நின்றது.

"இங்கே ஒரு ஒட்டு இருக்கு. துரு தின்ன இடம். தார் தோய்ச்ச சாக்குத் துணி. ஓரத்தையெல்லாம் கட்டை விரலால் மடிச்சு மடிச்சு அமுக்கியிருக்கு, சோமாசிக்கு மடிக்கிற மாதிரி." சின்ன இடைவெளி. "தீனா, அந்தத் தொட்டியைக் கவுத்துக் குடு."

கொடுத்தான். மறுபடி விரல் உரசல். இந்த முறை பிளாஸ்டிக்கில்.

"ம்" என்றாள் ஜானட்.

தீனா நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த 'ம்' அவனுக்குப் பழக்கம். பூட்டுக்குள் சாவி சரியாக உட்காரும்போது வருகிற சத்தம் அது.

"இன்னாக்கா?"

"ஒன்னுமில்ல. இந்த ஒட்டைப் பேர்க்கணும். தார் வெயிலுக்கு இளகியிருக்கு. உன் பெல்ட்டைக் கழட்டு."

பக்கிளின் முனையால் தீனா குத்தினான். நெம்பினான். வியர்வை கண்ணில் இறங்கியது. "நான் போட்ட ஒட்டு பேராது தம்பி" என்று வில்சன் முனகினார். பேர்ந்தது. முதலில் ஒரு மிளகளவு வெளிச்சம். பிறகு நெல்லிக்காய். கடைசியில் சாக்குத் துணி முழுதாகக் கையோடு வர, துருப்பிடித்த விளிம்போடு ஒரு கை நுழைகிற ஓட்டை. எண்ணூர் நெடுஞ்சாலையின் காற்று உள்ளே வந்தது. டீசல், மீன், சாக்கடை எல்லாம் கலந்த காற்று. கலீஜான காற்றுதான், மூன்று பேரும் பன்னீர் மாதிரி இழுத்து மூச்சுவிட்டார்கள்.

தீனா ஓட்டையில் வாய் வைத்துக் கத்தினான். "யோவ்! யாராச்சும் கீறீங்களா! உள்ள ஆள் கீது!"

ஹாரன்கள். எஞ்சின்கள். பக்கத்து லாரிக்காரன் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தான். தீனாவின் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு டயர், கொஞ்சம் ரோடு, அந்த ரோட்டின் ஓரத்தில் வாழையிலைக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த நாலு கால்கள்.

"மனுசன் எவனும் இல்லக்கா. ஒரு மாடுதான் நிக்கிது."

"போதுமே" என்றாள் ஜானட். "எர்ணாவூர் மாடு. தொட்டியை உடைச்சதிலேருந்து ஒரு வாரமா உப்புக் கிடைக்காத மாடு. தள்ளு."

அவள் ஓட்டைக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததும் வெளிச்சம் அடைபட்டது. மறுபடி இருட்டு.

"தீனா, மூலையில் ஒரு மூட்டை மேலே விழுந்தியே. பிரிச்சு ஒரு கை அள்ளிட்டு வா. உப்பு மாதிரிதான் இருக்கு. இந்த ஓட்டை வழியாத் தள்ளுவோம். மாடு வரும். மாடு வந்தா மாட்டுக்காரங்க வருவாங்க."

"கைல உப்பு குடுத்தா சண்ட வரும்க்கா."

"பூட்டியே வெச்சாச்சு. இதுக்கு மேல என்ன சண்டை? கொண்டா."

தீனா தவழ்ந்து போனான். சாக்கின் வாயைப் பிரித்து, குருணை குருணையாக இருந்ததை ஒரு கை அள்ளினான். திரும்பி வந்தான். "இந்தாக்கா."

"சரி. போடறேன்."

"வேணாம் சிஸ்டர்!"

வில்சனின் குரல் பெட்டி முழுக்க மோதித் திரும்பியது.

"போடாதீங்க! மாட்டுக்குப் போடாதீங்க! அது மாட்டு உப்பு இல்ல! கப்பல் உப்பு!"

 வெளியே பாட்டு முடிந்து, விளம்பரம் ஓடியது.

"தீனா, உன் கையில் இருக்கிறதைக் கீழே கொட்டிட்டு, துடைச்சுக்க. வாயில் வைக்காதே" என்றாள் ஜானட் நிதானமாக. "என் கையில் இருக்கிறது பட்டம்மாள் குடுத்தனுப்பின பொட்டலம். அன்புமணி கலந்தது. நான் போடறதுக்கு இருந்தது அதைத்தான். மிஸ்டர் வில்சன், இந்தப் பெட்டியை நீங்க திறந்ததே இல்லைன்னு சொன்னீங்க. இருட்டில், தொடாம, மோந்து பார்க்காம, அந்த மூட்டையில் என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 வில்சனின் பற்கள் கிட்டிக்கிற சத்தம் கேட்டது, அந்த வேக்காட்டில்.

"அக்கா!" தீனா எழுந்தே விட்டான். தலை கூரையில் இடிக்கவில்லை என்பதுகூட அவனுக்கு ஆத்திரமாக இருந்தது. "இந்த ஆளா? நம்பகூடப் பூட்டிகினு கீற இந்த ஆளா?"

"உக்காரு. கதவு எப்போ சாத்தினது?"

"நான் தகரத்தத் தட்னப்போ… ரெண்டு தட்டு… " தீனாவின் வாய் திறந்தபடி நின்றது. "சிக்னலா!"

"இவர் வெளியே போய் ரெண்டு தட்டுத் தட்டினா சாத்தணும்னு ஆளுக்குச் சொல்லி வெச்சிருக்கார். நீ உள்ளேருந்து தட்டிட்டே. சாத்தினதும் இவர் 'யார்ரா அது'ன்னு கத்தலை. 'உள்ளே ஆள் இருக்கு'ன்னும் கத்தலை. 'நான் உள்ள கீறேன்டா'ன்னு கத்தினார். தான் உள்ளே இருக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவன்தான் அப்படிக் கத்துவான்."

"ஐயோ நைனா!" என்றான் தீனா. ஆத்திரத்துக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "சொந்தப் பொறில எலியாவே மாட்டிகினயா?"

"எனக்கு சந்தேகம் வந்தது அதில் இல்லை. அது அப்புறம்தான் உறைச்சது. முதல்ல இந்தச் சோமாசி ஒட்டு. பெட்டியில் ஒன்னு, தொட்டி அடியில் அதே மாதிரி ஒன்னு. ஒரே கட்டை விரல். அன்புமணி எந்தத் தொட்டியிலும் அடியில் ஓட்டை போடாம விடமாட்டான்னு பட்டம்மாள் சொன்னா. இதில் ஓட்டையே இல்லையேன்னு பார்த்தேன். இருந்திருக்கு. யாரோ அடைச்சிருக்காங்க. ஓட்டையைப் பார்த்தா சோறு இறங்காத யாரோ."

இருட்டில் வில்சன் அழுதார். பெரிய ஆள் அழுகிற அழுகை, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி.

"மாட்ட சாவடிக்கணும்னு நான் ஏன் சிஸ்டர் நினைக்கிறேன்? அந்தப் பையன் தொட்டி நல்லா போச்சு. நாமளும் செய்லாமேன்னு செஞ்சேன். அவன் தொட்டி ஒண்ண வாங்கி, பாத்துப் பாத்து அதே மாரி வெட்னேன். செகப்புப் பட்டயும் அட்ச்சேன். ஹார்பர்ல கேங்கு ஆளுங்களாண்ட ஒரு மூட்ட உப்பு குடுங்கடான்னேன். கப்பல் எறக்கறப்போ கொட்னத பெருக்கி வெச்சிருப்பானுங்க. குட்த்தானுங்க."

"அவங்க எதை உப்புன்னு சொல்லுவாங்க?"

"எல்லாத்தையும்! ஒரம் வந்தாலும் உப்பு, யூரியா வந்தாலும் உப்பு. வெள்ளையா குருணையா இருந்தா அவனுக்கு உப்புதான். நானும் நாக்குலயா வெச்சிப் பாத்தேன்? வெல்லப் பாகு கலந்து உள்ள போட்டேன். மாடு செத்தப்புறம் ஓடிப்போய்க் கேட்டேன். 'நீ கேட்டது ஊறுகாய்க்குன்னு சொல்லவே இல்லியே'ன்னு சிரிக்கிறான் சிஸ்டர்."

"கொஞ்சமா நக்கியிருந்தா மாடு தாங்கியிருக்கும்" என்றாள் ஜானட். "மழைத் தண்ணி உள்ளே இறங்கியிருக்கு. அடியில் ஓட்டை இருந்தா ஒழுகிப் போயிருக்கும். நீங்க அடைச்சுட்டீங்க. உரம் முழுக்கக் கரைஞ்சு நின்னிருக்கு. இனிப்பா வேற இருக்கு. மாடு நக்கலை, குடிச்சிருக்கு."

"மிச்சமிருந்த மூட்டைய இந்தப் பொட்டில போட்டு அனுப்பிட்டா ஊர விட்டே போய்டும்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க தொட்டியோட வந்து நின்னீங்க. கோர்ட்டு நேரம் வரிக்கும் உங்கள உள்ள வெச்சிட்டு, கேட்டாண்ட டிரைவருக்குச் சொல்லித் தொறக்கலாம்னு… சத்தியமா சிஸ்டர்."

"இப்போ எதுல சொல்வே? பேஜர்லயா?" என்றான் தீனா.

லாரி உறுமியது. நகர்ந்தது. நின்றது. ஜானட் சட்டென்று திரும்பி ஓட்டை வழியாகப் பொட்டலத்தைத் தட்டினாள். வெல்ல வாசனை இருட்டிலும் தெரிந்தது. ரோட்டில் விழுந்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, நாலு கால்கள் அசைந்தன. ஒரு மூக்கு ரோட்டை மோந்தது.

"வருது! வருது!" என்று தீனா கிசுகிசுத்தான்.

லாரி மறுபடி நகர்ந்தது. உப்பும் மாடும் பின்னால் போய்விட்டன.

"பொட்டலத்துல இன்னும் எவ்ளோக்கா கீது?" என்றான். ஜானட் உதறிப் பார்த்தாள். காகிதத்தின் சலசலப்பே பதில்.

"ரோட்டில் போட்டா பிரயோஜனம் இல்லை. லாரியோட கூடவே வரணும். வாசனை நம்மகிட்ட இருக்கணும்."

"என் கைல தேய்ங்க சிஸ்டர்" என்றார் வில்சன்.

சட்டைக் கையை மேலே சுருட்டும் சத்தம் கேட்டது.

"என் கை நீளம். முழங்கை வரிக்கும் வெளிய போவும். ஆட்னா தெரியும். தேய்ங்க."

ஜானட் மிச்சமிருந்ததை அவர் கையில் அழுத்தித் தேய்த்தாள். வில்சன் படுத்து, கையை ஓட்டைக்குள் விட்டார். துரு கிழித்திருக்க வேண்டும், 'ஸ்ஸ்' என்றார். கை வெளியே போனது. உள்ளே மீண்டும் முழு இருட்டு. இப்போது வெளியே நடப்பது மூன்று பேரில் வில்சனின் கைக்கு மட்டும்தான் தெரியும்.

"இன்னா தெரியுது?" என்றான் தீனா.

"காத்து."

"இப்போ?"

"காத்துதான்."

லாரி நகர்ந்தது. நின்றது. கேட் எவ்வளவு தூரம் என்று தீனா கேட்க நினைத்து, கேட்காமல் விட்டான்.

"ஐயோ!" வில்சன் துள்ளினார். "சிஸ்டர்! நாக்கு! நாக்கு சிஸ்டர்! உப்புத்தாள் மாரி கீது!"

"இழுக்காதீங்க! அப்படியே வெச்சிருங்க!"

"இன்னொண்ணு! ரெண்டு நாக்கு! விரல வாய்க்குள்ள இஸ்துகினு போவுது!"

வெளியே ஹாரன் அடித்தது. முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது போலிருக்கிறது. பின்னால் இருக்கிற லாரிகள் அத்தனையும் சேர்ந்து அலறின. இவர்கள் லாரி மட்டும் நகரவில்லை. கதவு திறந்து டிரைவர் இறங்கும் சத்தம். "யா அல்லா! யார் மாடு இது? எர்ணாவூர் மாடெல்லாம் என் வண்டியச் சுத்தியா நிக்கணும்? ஏ! ஹேய்! ஹைய்!"

"அத்தாவுல்லா பாய்" என்றார் வில்சன். "நம்ம யார்டு டிரைவர்தான்."

தீனா தகரத்தில் குத்த ஓங்கினான். ஜானட் அவன் கையைப் பிடித்தாள். "பொறு. அவரும் இதில் உடந்தையோ என்னவோ. கேளு."

வெளியே ஒரு பெண்குரல், தெருவையே கிழித்துக்கொண்டு வந்தது. "ஏ ரோசா! கயித்த அவுத்துகினு வந்து இங்க இன்னாடி நக்கிகினு கீற? லாரியா உங்க ஆத்தா வூட்டுத் தொட்டி? தள்ளுடி… ஏய்… யம்மா! யம்மாடியோவ்! கை! பொட்டிலேந்து மனுசன் கை!"

"பட்டம்மாக்கா!" தீனா இரண்டு முட்டியாலும் தகரத்தை இடித்தான். "நாங்கதான்! தீனா! ஜானட்டக்கா! தொறக்கச் சொல்லு!"

"கதவு சீலு ஒடச்சா கேட்டுல உட மாட்டான்மா" என்றார் அத்தாவுல்லா பாய் வெளியே. "என் வேல போய்டும்."

"தொறக்கறியா, இல்ல அத்தன மாட்டையும் உன் எஞ்சினுக்கு முன்னால படுக்க வெக்கட்டுமா?"

கம்பி சுழன்றது. கதவு திறந்தது. வெளிச்சம் ஒரு வாளித் தண்ணீர் மாதிரி முகத்தில் விழுந்தது. தீனா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். முதலில் தெரிந்தது மாடுகள். செவலை, கறுப்பு, வெள்ளை. லாரியைச் சுற்றிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.

"அக்கா" என்றான். "அன்புமணி செஞ்ச தொட்டிலயே இதான்க்கா பெருசு. இருபதடி. உள்ள கீற உப்பு நாம."

பட்டம்மாள் கையில் கம்போடு எட்டிப் பார்த்தாள். ஜானட்டைப் பார்த்தாள். பிறகு ஒருக்களித்துப் படுத்தபடி, முழங்கை வரை சுவருக்குள் புதைந்து கிடந்த வில்சனைப் பார்த்தாள்.

"இது யாரு?"

ஜானட் திரும்பி வில்சனைப் பார்த்தாள். பொய் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. மூன்று பேர் இருட்டில் பேசியதற்கு வெளியே சாட்சி கிடையாது.

"அந்தத் தொட்டி நான் செஞ்சதும்மா" என்றார் வில்சன், கன்னம் தரையில் அழுந்தியபடியே. "உன் தம்பி செய்யல. அவன் பட்டைய நான் அட்ச்சேன். உப்புன்னு நெனச்சி ஒரத்தப் போட்டேன்."

பட்டம்மாளின் கம்பு உயர்ந்தது. தீனா ஓரடி பின்வாங்கினான். அந்த அடிக்கு நடுவே நிற்க அவனுக்கு விருப்பமில்லை.

"ரோஜா மாதிரி ஒரு மாடு செத்துடக் கூடாதுன்னுதான் இவர் மாட்டிக்கிட்டார்" என்றாள் ஜானட். "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். மூடலை."

கம்பு கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கி, தொட்டியின் அடியில், அந்தத் தார் ஒட்டில் போய் நின்றது.

"இத்த ஏன் அடச்சே?"

வில்சனுக்குப் புரியவில்லை. "ஓட்ட இருந்தா… ஒழுகிடுமேம்மா."

"ஒழுகறதுக்குத்தான்யா ஓட்டையே!"



'பீப், பீப், பீப்!'

தீனாவின் இடுப்பு அலறியது. வெளிக்காற்று பட்டதும் பேஜருக்கு உயிர் வந்துவிட்டது. அடைபட்டிருந்த செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. கடைசியில் வந்தது வக்கீலிடமிருந்து. 'அன்புமணியை ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டுக்குக் கிளப்பிவிட்டார்கள். எங்கே இருக்கிறீர்கள்?'

"அக்கா!"

"பார்த்தேன். வண்டி?"

முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. கண்ணுக்கெட்டிய மட்டும் லாரி. பட்டம்மாள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள். அவள் புல்லுக்கட்டு ஏற்றி வந்த மீன்பாடி வண்டி, மூன்று சக்கரத்தில், மோட்டார் தடதடக்க நின்றது.

"ஆனா இவரு கை?" என்றான் தீனா. "ஓட்டைல சிக்கிகினு கீதே. இதுவும் உன் சொந்த ஓட்டதான், இன்னாண்ணே?"

வில்சன் இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். வெளியே ரோஜா கடைசியாக ஒரு தடவை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, ஆசை தீர நக்கியது. எச்சில் வழவழக்க, கை தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. துரு கிழித்த கோடு முழுக்க ரத்தம். அவர் அதைப் பார்க்கவில்லை. எழுந்தார். பெட்டியிலிருந்து குதித்தார். ஓடினால் ஓடியிருக்கலாம். பிடிக்கத் தீனா தயாராகத்தான் நின்றான்.

ஓடவில்லை. மாடுகளை விலக்கிக்கொண்டு, ரோட்டைக் கடந்து, மீன்பாடி வண்டியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். "தொட்டியக் குடு தம்பி" என்று கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஜானட் ஏறினாள். பட்டம்மாள் ஓட்டும் இடத்தில் ஏறினாள், ரோஜாவைத் திரும்பிப் பார்த்துத் திட்டிக்கொண்டே. தீனா கடைசியில் தொற்றிக்கொண்டு, 'கிளம்பு' என்பதற்கு அடையாளமாக வண்டியின் தகரப் பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினான்.

டம். டம்.

வில்சன் தூக்கிவாரிப் போட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பயப்படாத நைனா" என்றான் தீனா. "இந்த வண்டிக்குக் கதவே கெடையாது."